பாதிக் கிணற்றில் எரிந்த விளக்கு

குருவுக்குச் சீடரைவிட மூன்று வயது குறைவு. இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் அந்த வட்டாரத்தில் இல்லை.

சீடர் பெயர் நாச்சிமுத்து. கூழாங்காட்டு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் வாத்தியார். குரு பெயர் மருதாயி. கல்குவாரியில் ஜல்லி உடைக்கப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பகல் முழுக்கப் பார்த்துக்கொள்கிறவள். ஒரு தகரக் கொட்டகை, ஒரு வேப்பமரம், மூன்று தூளி, பதினோரு பிள்ளைகள். இவ்வளவுதான் ஆசிரமம்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகளைக் கணக்கெடுக்க வந்த வாத்தியார் அவளிடம் என்னவோ கேட்டார். அவள் என்னவோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று இரண்டு பேருமே இதுவரை வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் வந்து, வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார்.

இரண்டு ஞாயிறாக ஆளைக் காணோம். இந்த வாரம் புதன்கிழமையே வந்துவிட்டார்.

"இன்னைக்குப் பள்ளிக்கூடம் இல்லீங்களா சார்?"

"இருக்குதுங்கம்மா. லீவு போட்டுட்டேன்."

"காய்ச்சலுங்களா?"

"இல்லீங்க."

"அப்ப இந்தப் பொண்ணைப் பிடிங்க. மூக்கு ஒழுகுது."

வாத்தியார் பிள்ளையை வாங்கி, தன் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தார். மருதாயி துவைத்த துணிகளை உதறிக் கொடியில் போட்டாள்.

"கைக்குட்டை வெச்சிருக்கிற ஆளு வந்தா என் முந்தானை தப்பிச்சுது" என்றாள்.

வாத்தியார் சிரிக்கவில்லை.

"அம்மா, ஒரு கேள்வி."

"கேளுங்க."

"பதினாலு வருஷமா நான் என்னத்தைக் கத்துக் கொடுத்தேன்?"

"நீங்கதான் சொல்லணும். நான் படிச்சது அஞ்சாவது."

"ஏழாம் வகுப்புல ஒரு பாடம் இருக்குது. மெழுகுவத்தியை ஏத்தி, கண்ணாடி டம்ளரால மூடுவேன். கொஞ்ச நேரத்துல அணைஞ்சுரும். ஏன் அணைஞ்சுதுன்னு கேப்பேன். எரியறதுக்கு ஆக்சிஜன் வேணும், உள்ள இருந்தது போதலைன்னு பிள்ளைங்க சொல்லும். நோட்டுல எழுதும். பரீட்சையிலயும் எழுதும். அஞ்சு மார்க்."

"சரியாத்தானே எழுதுது."

"சரியாத்தான் எழுதுது."

பிள்ளை வாத்தியாரின் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவியது. அவர் கவனிக்கவில்லை.

"கிணத்துச் சங்கதி கேள்விப்பட்டிருப்பீங்க" என்றார்.

"ரெண்டு பேருன்னாங்க. நீங்க சொல்லுங்க."

வாத்தியார் சொன்னார்.

பள்ளிக்கூடத்துச் சுவரை ஒட்டி ஊர்ப் பொதுக் கிணறு. எழுபது அடி. ஆழ்குழாய் போட்ட பிறகு ஆறு வருஷமாக அதில் யாரும் இறங்கவில்லை. அடியில் வேப்பஞ்சருகும் செத்த புறாக்களும் விழுந்து மக்கிக் கிடந்தன. இந்தக் கோடையில் ஆழ்குழாய் கைவிட்டுவிட்டது. கிணற்றைத் தூர் வாரி ஆழப்படுத்துவது என்று ஊர் கூடிப் பேசினார்கள். கிணறு வெட்டும் சடையப்பன் இறங்குவதாக முடிவானது.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. பழைய கிணற்றில் ஆள் இறங்கும் முன்னால் கயிற்றில் விளக்குக் கட்டி இறக்குவார்கள். கிணற்றில் இருக்கும் கன்னிமாருக்கு அது மரியாதை. விளக்கு எரிந்தபடியே மேலே வந்தால் உத்தரவு கிடைத்தது என்று அர்த்தம். அணைந்தால் கன்னிமார் கோபம். மூன்று மாதத்துக்கு யாரும் இறங்கக் கூடாது.

விளக்கை இறக்குகிறவர் வெளியூர்க்காரராக இருக்க வேண்டும். ஊர்த் தலைவர் வாத்தியாரைக் கூப்பிட்டார்.

"இறக்கினேன்" என்றார் வாத்தியார்.

"எரிஞ்சுதா?"

"நாப்பது அடி வரைக்கும் எரிஞ்சுது. அதுக்குக் கீழ போனதும் அணைஞ்சுது."

"அப்புறம்?"

"காத்துதான் சார்ன்னாரு தலைவர். மேல இழுத்து மறுபடி ஏத்தி விட்டேன். அதே இடத்துல அணைஞ்சுது."

"அப்புறம்?"

"கயித்துல ஒரு முடிச்சு இருக்குது சார், எங்க தாத்தா போட்டது, அதோட நிறுத்திக்குங்க, எப்பவும் அப்படித்தான்னாரு. பார்த்தேன். முடிச்சு இருந்துச்சு. பாதிக் கிணத்து அளவுக்கு."

"நிறுத்தினீங்க."

"நிறுத்தினேன். விளக்கு நல்லா எரிஞ்சுது. பொம்பளைங்க குலவை போட்டாங்க."

மருதாயி கடைசித் துணியைப் போட்டுவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"சடையப்பன் இறங்கினாரு. கொஞ்ச நேரத்துல கயிறு ஆடறது நின்னு போச்சு. கூப்பிட்டோம். சத்தமில்லை. அவரு தம்பி காளியப்பன், அண்ணான்னு கத்திக்கிட்டுப் பின்னாலயே இறங்கினான். அவன் சத்தமும் நின்னு போச்சு. தீயணைப்பு வண்டி வந்து ரெண்டு பேரையும் தூக்கறப்ப மதியம் ஆயிருச்சு."

"ஊர் என்ன சொல்லுது?"

"விளக்கு அணையாமத்தானே எரிஞ்சுது, அப்புறம் நாம என்ன பண்ண முடியும்னு சொல்லுது."

"உங்களை?"

"ஒரு வார்த்தை இல்லை. அதுதாங்கம்மா தாங்கலை. கருமாதி முடிஞ்சு நேத்துத் தலைவர் வீட்டுக்கே வந்துட்டாரு. வெள்ளிக்கிழமை மறுபடி இறங்கறாங்களாம். சடையப்பன் மச்சான் குழந்தைவேல் இறங்கறான். செத்துப் போனவங்க ரெண்டு பேரு வீட்டுக்கும் இப்ப அவன் ஒருத்தன்தான் ஆம்பளை. விளக்கு நீங்கதான் விடணும் சார், உங்க கையிலதான் அணையாம எரிஞ்சுதுங்கறாரு."

"என்ன சொன்னீங்க?"

"வெள்ளிக்கிழமைக்கும் லீவு எழுதிக் கொடுத்துட்டேன். வேற ஊருக்கு மாத்தல் கேட்டும் எழுதிட்டேன்."

"அப்ப விளக்கை யாரு விடுவா?"

"யாராச்சும் விடுவாங்க."

"எந்த அளவுக்கு?"

வாத்தியார் தலை குனிந்துகொண்டார்.

தூளியில் ஒரு பிள்ளை சிணுங்கியது. மருதாயி எட்டி ஒரு ஆட்டு ஆட்டிவிட்டாள்.

"லீவு போட்டதால உங்க பிள்ளைங்களுக்கு இன்னைக்கு எந்தப் பாடம் போச்சு?"

"கரியமில வாயுங்க."

"அதை இங்க நடத்துங்க. எங்க பிள்ளைங்களும் கேக்கட்டும்."

"இப்பவாங்க?"

"என்ன வேணும், சொல்லுங்க."

"ஆப்பச்சோடா, எலுமிச்சம்பழம், உயரமா ஒரு பாத்திரம், மெழுகுவத்தி."

வெயிலுக்குச் சாறு பிழிந்து கொடுக்க எலுமிச்சை வாங்கி வைத்திருந்தாள். சோறு வடிக்கிற உயரமான குண்டாவைக் கழுவிக் கொண்டுவந்து வைத்தாள். வாத்தியார் சோடாவைக் கைப்பிடி போட்டு, ஆறு பழத்தைப் பிழிந்து ஊற்றினார். நுரை புஸ்ஸென்று பொங்கி அடங்கியது. பிள்ளைகள் சுற்றி வந்து குந்திக்கொண்டன.

"சாறு போச்சு" என்றாள் பூங்காவனம். அவளுக்கு ஐந்து வயது.

"சும்மா இருடி, சார் பாடம் நடத்தறாரு."

"இப்ப இதுக்குள்ள ஒரு வாயு ரொம்பியிருக்குது" என்றார் வாத்தியார். "கண்ணுக்குத் தெரியாது. நாம மூச்சு விடற காத்தைவிடக் கனம். அதனால அடியிலயே தங்கும்."

மெழுகுவத்தித் துண்டைக் கம்பியில் குத்தி, நூல் கட்டி, ஏற்றி, மெதுவாக உள்ளே இறக்கினார். பாதி போனதும் அணைந்துவிட்டது.

"எங்கப்பன் பீடியும் இப்படித்தான் அணையும்" என்றாள் பூங்காவனம். "அப்புறம் எங்கம்மாவைத் திட்டும்."

"மறுபடி ஏத்துங்க சார்" என்றாள் மருதாயி.

ஏற்றி இறக்கினார். அதே இடத்தில் அணைந்தது.

"இன்னொருக்கா ஏத்துங்க. இந்தத் தடவை நூலைச் சுருக்கிப் பிடிங்க."

வாத்தியார் அவளைப் பார்த்தார். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நூலைச் சுருக்கிப் பிடித்தார். சுடர் குண்டாவின் வாய்க்குச் சற்றுக் கீழே ஆடாமல் நின்று எரிந்தது.

"நல்லா எரியுது" என்றாள் மருதாயி. "பூங்காவனம், குலவை போடு."

பூங்காவனம் நாக்கைச் சுழற்றினாள். மற்ற பிள்ளைகளும் சேர்ந்துகொண்டன.

மருதாயி எழுந்து போய், கூடையைத் தூக்கி, உள்ளேயிருந்து ஒரு கோழிக்குஞ்சை எடுத்து வந்தாள். பொரிந்து நாலு நாள் இருக்கும். அதைக் குண்டாவுக்கு நேர் மேலே பிடித்து, உள்ளே விடக் கையைத் தாழ்த்தினாள்.

வாத்தியார் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார். நூல் நழுவி மெழுகுவத்தி உள்ளே விழுந்து அணைந்தது.

"வேண்டாங்கம்மா."

"ஏனுங்க சார்? விளக்குத்தான் எரிஞ்சுதே."

"விளக்கு மேல எரிஞ்சுது. குஞ்சு அடிக்குப் போகுது."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவர் காதில் விழுந்தது போலிருந்தது. பிடித்த கையை விடாமல் அப்படியே நின்றார். குஞ்சு கத்திக்கொண்டிருந்தது.

மருதாயி குஞ்சைப் பூங்காவனத்திடம் கொடுத்தாள்.

"இந்தக் கை அன்னைக்கு எங்க இருந்துச்சுங்க சார்?"

"வலது கையில கயிறு இருந்துச்சு."

"இது இடது கை."

வாத்தியார் கையை எடுத்துக்கொண்டார். ரொம்ப நேரம் அந்தக் கையையே பார்த்தார்.

"இடைவேளை நேரம்" என்றார். "பிள்ளைங்க எல்லாம் பள்ளிக்கூடச் சுவரைப் பிடிச்சுக்கிட்டு நின்னு வேடிக்கை பார்த்துது. ஏழாம் வகுப்புல பவளக்கொடின்னு ஒரு பொண்ணு. சடையப்பன் மக. அந்தப் பாடத்துக்கு அஞ்சுக்கு அஞ்சு வாங்கினவ. ரெண்டாம் தடவை விளக்கு அணைஞ்சப்ப அவ கையைத் தூக்கினா."

"எப்படி?"

"வகுப்புல தூக்கற மாதிரிதான். பதில் தெரிஞ்சா தூக்குவாளே, அப்படி. நான் பார்த்தேன். அவளும் நான் பார்த்ததைப் பார்த்தா."

"அப்புறம்?"

"ஊரே நிக்குது. தலைவர் நிக்கறாரு. சாமி காரியம். இந்தக் கையாலதான், கீழ இறக்குன்னு காட்டினேன்."

"இறக்கினாளா?"

"சொன்ன பேச்சைக் கேக்கற பொண்ணு. இறக்கிட்டா."

பிள்ளைகள் குஞ்சின் பின்னால் ஓடிவிட்டன. குவாரியில் ஜல்லி அரைக்கும் இயந்திரத்தின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"அவ என்ன சொல்ல வந்தான்னு உங்களுக்குத் தெரியுங்களா?" என்றாள் மருதாயி.

"தெரியும்."

"கேட்டீங்களா?"

"இல்லை."

"அப்பத் தெரியாது."

கொட்டகைக்குள் போய், மூலையில் சுருட்டி வைத்திருந்த குவாரிக் கயிற்றைக் கொண்டுவந்து அவர் முன்னால் போட்டாள்.

"நூறு அடி இருக்கும். முடிச்சு இல்லை. போறப்பக் குண்டாவைக் கழுவி வெச்சுட்டுப் போங்க. சோறு வடிக்கணும்."

வெள்ளிக்கிழமை காலை இடைவேளை மணி அடித்தபோது வாத்தியார் கிணற்று மேட்டில் நின்றார். லீவுக் கடிதத்தைத் திரும்ப வாங்கியிருந்தார்.

"பழைய கயிறு இருக்குதே சார்" என்றார் தலைவர்.

"அதுல முடிச்சு இருக்குதுங்க."

குழந்தைவேல் தலையில் துண்டைக் கட்டி, இடுப்பில் கயிறு கட்டித் தயாராக நின்றான். மண்வெட்டியைக் கூடக் கையில் எடுத்துக்கொண்டான். சுவரோரம் பிள்ளைகள். ஓரத்தில் பவளக்கொடி.

விளக்கு இறங்கியது. நாற்பது அடிக்குக் கீழே போனதும் அணைந்தது. இழுத்தார், ஏற்றினார், இறக்கினார். அதே இடத்தில் அணைந்தது.

தலைவர் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். "சார், பாதிக் கிணத்தோட நிறுத்திக்குங்க."

வாத்தியார் கயிற்றைச் சுருக்கவில்லை. வகுப்பில் பேசுகிற குரலில், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"அன்னைக்கும் இங்கதான் அணைஞ்சுது. விளக்கு அணையற இடத்துல மனுசன் மூச்சு விட முடியாது. அது எனக்குத் தெரியும். அன்னைக்கு நினைப்பு வரலைன்னு சொல்ல மாட்டேன், வந்துச்சு. இத்தனை பேரு முன்னாடி சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு விளக்கைப் பாதியில நிறுத்தினேன்."

வாத்தியார் சுவர்ப்பக்கம் திரும்பினார்.

"விளக்கு ஏன் அணைஞ்சுது? யார் சொல்றீங்க?"

நாற்பது பிள்ளைகள் நின்றன. ஒரு கையும் எழவில்லை. பவளக்கொடி சுவரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அவள் வாத்தியாரைப் பார்க்கவில்லை. கிணற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குழந்தைவேல் மண்வெட்டியைக் கீழே போட்டான். இடுப்புக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வாத்தியாருக்கு நேராக வந்தான். அடிக்கப் போகிறான் என்று தலைவர் குறுக்கே வந்தார். குழந்தைவேல் கயிற்று நுனியை வாத்தியார் கையில் வைத்தான்.

"இதை எங்கக்கா வீட்டுக்கு வந்து சொல்லுங்க" என்றான்.

அன்று சாயங்காலம் வாத்தியார் போய்ச் சொன்னார். சடையப்பன் பெண்டாட்டி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள். சொல்லி முடிக்கும் வரை முறம் நிற்கவில்லை. முடிந்ததும் நின்றது.

"போங்க" என்றாள்.

பவளக்கொடி உள்ளேயிருந்து வந்து கல்லில்லாத அரிசியை எடுத்துக்கொண்டு போனாள்.

பக்கத்து டவுனிலிருந்து, கிணற்றுக்குள் காற்றடிக்கும் இயந்திரம் வந்தது. சனிக்கிழமை பகலும் இரவும் ஓட்டினார்கள். வேப்பங்கொப்பு ஒடித்துக் கட்டி மேலும் கீழும் இழுத்து உள்ளே கிடந்த காற்றைக் கலக்கினார்கள். ஞாயிறு காலையில் வாத்தியார் மறுபடி விளக்கை இறக்கினார். எழுபது அடியும் போய், சேற்றுக்கு மேலே எரிந்துகொண்டு நின்றது. ஒருவரும் குலவை போடவில்லை. குழந்தைவேல் இறங்கினான். கால் மணிக்கு ஒருதரம் மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு போனான்.

சாயங்காலம் வாத்தியார் குவாரிக் கொட்டகைக்கு வந்தார். கயிற்றைச் சுருட்டி மூலையில் வைத்தார். மருதாயி ஒரு பிள்ளைக்குப் பருப்புச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏறிட்டானுங்களா?" என்றாள்.

"ஏறிட்டான்."

"ஊரு?"

"என்னை மாத்தச் சொல்லி மனு எழுதறாங்க. தலைவரே முதல் கையெழுத்து."

"நீங்களே மாத்தல் கேட்டீங்களே."

"அதைத் திரும்ப வாங்கிட்டேன். அவங்களா அனுப்பற வரைக்கும் இருப்பேன்."

பிள்ளை வாயை இறுக மூடிக்கொண்டது. மருதாயி உருண்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"நாளைக்கு முதல் பாடவேளை ஏழாம் வகுப்புங்க" என்றார் வாத்தியார். "பவளம் முன்வரிசையிலதான் உக்காருவா. வெள்ளிக்கிழமை வகுப்புல மூணு கேள்வி கேட்டேன். மூணுக்கும் அவளுக்குப் பதில் தெரியும். கை ரெண்டையும் பெஞ்சுக்கு அடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தா."

மருதாயி உருண்டையைப் பிள்ளையின் உதட்டருகே கொண்டுபோய்ப் பிடித்தாள்.

"அவ மறுபடி எப்பவாச்சும் கை தூக்குவாளாம்மா?"

பிள்ளை வாயைத் திறந்தது. அவள் உருண்டையை உள்ளே வைத்து, தாடையைத் துடைத்துவிட்டாள்.

"கேள்விதாங்க சார் உங்களுது. கை அவளுது."